மூணு கிலோ குண்டு எங்கே?

என் தையல் அறைக்குள் சேறு அப்பிய செருப்போடு யாராவது வந்தால்கூடப் பொறுத்துக்கொள்வேன். 'இந்த வயசுல' என்று வாயைத் திறந்தால் மட்டும் பொறுக்க மாட்டேன். போன வாரம் ஒருத்தி கால்சட்டைக்கு அளவு கொடுக்க வந்தாள். நின்றவள் சும்மா நின்றிருக்கலாம். "உங்க அண்ணி இந்த வயசுல இதெல்லாம் பண்றாங்களாமே, பாவம், எவ்ளோ தைரியம்!" என்றாள். பாராட்டத்தான் சொன்னாள், எனக்குத் தெரியாமல் இல்லை. அளவு நாடாவைச் சுருட்டிப் பெட்டியில் போட்டேன். "நாலு கடை தள்ளி இன்னொருத்தர் தைக்கிறார்மா, நல்லா தைப்பார்" என்று அனுப்பிவிட்டேன்.

அண்ணி என்றால் என் அண்ணனின் மனைவி. நாத்தனாரும் அண்ணியும் ஒரு கூரைக்குக் கீழே இருந்தால் தினமும் குடுமிப்பிடிதான் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். என் கணவர் போன பிறகு நான் இந்த வீட்டு முன்னறையில் தையல் மிஷினைப் போட்டு உட்கார்ந்தேன். அண்ணனோடு சண்டை போடாத வாரம் கிடையாது. அண்ணியோடு போட்டதே இல்லை. அவள் பேசுவது குறைவு. ஆகவே அவளுடைய கோபத்தையும் சேர்த்து நானே பட்டுக்கொள்கிறேன். எனக்கு மூக்கு நுனியில் அதற்கு எப்போதும் இடம் உண்டு.

அண்ணிக்கு அறுபத்தொரு வயது. ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தாள். ஈரப் படுக்கை விரிப்புகளை மூட்டையாகக் கட்டி, இடுப்பைத் திருப்பி, ஒரே வீச்சில் உலர்த்தும் இயந்திரத்தின் வாய்க்குள் எறிவாள். மற்றவர்கள் இரண்டு பேராகத் தூக்குகிற மூட்டை அது. அங்கே அவளுக்கு 'சம்மட்டி' என்று பெயர். வேலைக்காக வைத்த பெயர் என்று புதிதாக வந்தவர்கள் நினைப்பார்கள். அவள் சம்மட்டி எறிகிறவள், அதனால் வைத்த பெயர்.

சம்மட்டி எறிதலைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு கைப்பிடி, அதிலிருந்து நீளமான கம்பி, கம்பியின் முனையில் இரும்புக் குண்டு. வலைக்கூண்டுக்குள் ஒரு சின்ன வட்டம். அந்த வட்டத்துக்குள் நின்று குண்டைத் தலைக்கு மேல் சுழற்றி, தானும் பம்பரமாகச் சுற்றி, கையை விடவேண்டும். விட்ட பிறகும் வட்டத்தைத் தாண்டிக் கால் வைக்கக்கூடாது. குண்டு விழவேண்டிய பரப்பைக் கோடு போட்டு வைத்திருப்பார்கள். அதற்கு வெளியே விழுந்தால் செல்லாது. செல்லாத எறிக்குச் சிவப்புக் கொடி, செல்லும் எறிக்கு வெள்ளைக் கொடி. இவ்வளவுதான் விஷயம்.

பள்ளிக்கூடத்தில் பையன்கள் எறிந்துவிட்டுப் போட்ட குண்டை எடுத்து அண்ணி எறிந்திருக்கிறாள். பையன்களைவிடத் தூரம் போனது. போட்டிக்கு அழைத்துக்கொண்டு போனார்கள். அங்கே மேஜை போட்டு உட்கார்ந்திருந்த மனிதர், பெண்களுக்கு அந்தப் போட்டியே கிடையாது என்றார். ஏன் கிடையாது என்று கேட்டதற்கு, "கர்ப்பப்பை இறங்கிடும்மா" என்றாராம். பதினாறு வயதுப் பெண்ணிடம், நாலு பேர் முன்னால். இவ்வளவு அக்கறை இருந்த மனிதர், அதே பெண் பிற்காலத்தில் எட்டு மாத வயிற்றோடு ஈர மூட்டை தூக்கியபோது எங்கே போனார் என்று எனக்குத் தெரியவில்லை. அதற்கு யாரும் வந்து தடை சொல்லவில்லை.

பிறகு காலம் மாறியது. பெண்களும் சம்மட்டி எறியலாம் என்று உலகம் பெரிய மனது பண்ணியது. அண்ணிக்கு அது எப்படித் தெரிந்தது தெரியுமா? அழுக்குத் துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு நோயாளிகள் காத்திருக்கும் கூடத்தைக் கடக்கும்போது, சுவரில் இருந்த தொலைக்காட்சியில் ஒரு பெண் சுழன்று சுழன்று குண்டை எறிந்தாள். அண்ணி வண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். மேற்பார்வையாளர் வந்து கத்தும்வரை நின்றாள். அப்போது அவள் முப்பது தாண்டியவள், வீட்டில் கைப்பிள்ளை. அன்று வீட்டுக்கு வந்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அண்ணன் தலைவலி மாத்திரை வாங்கிக் கொடுத்தான். அவ்வளவுதான் அவனுக்கு விளங்கியது.

பையன் வளர்ந்து, படித்து, வேலை கிடைத்து வேறு ஊர் போனான். அதற்கடுத்த மாதம் அண்ணி பட்டறைக்காரரிடம் சொல்லி ஒரு குண்டு செய்துகொண்டாள். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் பழைய கட்டடத்தை இடித்துப்போட்ட வெற்று நிலம் இருந்தது. வேலை முடிந்ததும் அங்கே போய் எறிவாள். எடுத்து வருவது, நாடா பிடித்து அளப்பது, நடுவே வருகிற நாயை விரட்டுவது எல்லாம் நான். என் பழைய கைப்பையை வெட்டி அவளுடைய இடது கைக்கு ஒரு தோல் உறை தைத்துக் கொடுத்தேன். என் வாழ்நாளில் நான் தைத்ததிலேயே உருப்படியான பொருள் அதுதான்.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. "என் பேருக்கு நேரா ஒரு தூரம் இருக்கணும். அவ்ளோதான்" என்பாள். நிலத்தில் நான் அளந்தது கணக்கில் வராது. போட்டியில், நடுவர் முன்னால், வெள்ளைக் கொடி காட்டி, அளந்து சொன்ன தூரம் வேண்டும். பதினாறு வயதில் கேட்டதும் அதையேதான்.

ஆக, மூத்தோர் தடகளப் போட்டி. அதன் செயலாளருக்கு நான் வைத்த பெயர் 'மைக்'. கையில் கொடுத்தால் திருப்பித் தரமாட்டார். 'எந்த வயதிலும் சாதிக்கலாம், வாருங்கள் பெண்களே' என்று பெரிய பதாகை கட்டியிருந்தார். அண்ணி முதல் வருஷம் போனாள். அறுபது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கான சம்மட்டி எறிதலில் அவள் ஒருத்திதான் பெயர் கொடுத்திருந்தாள். குறைந்தது இரண்டு பேர் இருந்தால்தான் போட்டி என்று விதியாம். ரத்து. "வந்ததுக்கு லெமன் ஸ்பூன்ல கலந்துக்குங்கம்மா, ஜாலியா இருக்கும்" என்றார் மைக். ஆஸ்பத்திரி மூட்டையைத் தூக்கிய கையில் ஒரு கரண்டியும் எலுமிச்சம்பழமும். வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது அண்ணி குரலை உயர்த்தவில்லை. நான்தான் ஒரு பாத்திரத்தைப் போட்டு உடைத்தேன்.

"இரண்டு பேர்தானே வேணும்? நான் வரேன்" என்று சொல்லிவிட்டேன்.

எனக்கு வயது ஐம்பத்தேழு. ஐம்பதுக்கு மேல், அறுபதுக்கு மேல் இரண்டையும் சேர்த்தே நடத்துவோம், குண்டும் இரண்டுக்கும் ஒன்றுதான் என்று மைக் ஒப்புக்கொண்டார். அண்ணி எனக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினாள். முதல் நாள் நான் எறிந்த குண்டு எனக்குப் பின்னால் போனது. இரண்டாம் நாள் குண்டு போகவில்லை, நான்தான் போனேன். நாய்கூடக் கொஞ்ச நாள் அந்தப் பக்கம் வரவில்லை. நாங்கள் மண்ணும் புழுதியுமாகத் திரும்புவதை அண்ணன் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "வீட்ல ஒரு பைத்தியம் போதாதா?" என்றான். "உனக்கும் சேர்த்துப் பேரு குடுக்கட்டுமா?" என்று கேட்டேன், உள்ளே போய்விட்டான்.

இரண்டாம் வருஷம் வந்தது. நாங்கள் இருவரும் காலையிலேயே போய் உட்கார்ந்தோம். பெண்களுக்கான சம்மட்டியைக் கடைசியில் வைத்திருந்தார்கள். வெயில் உச்சியில் ஏறி இறங்கியும் கூப்பிடவில்லை. நடுவில் மைக், "நம்ம பாட்டிமார்கள் எல்லாம் எவ்ளோ பொறுமையா உக்காந்திருக்காங்க பாருங்க, கை தட்டுங்க!" என்று மைக்கில் சொன்னார். அண்ணிக்குப் பேரப்பிள்ளையே கிடையாது. எனக்குப் பிள்ளையே கிடையாது. எந்த உறவில் நாங்கள் பாட்டி?

கடைசியில் கூப்பிட்டார்கள். போனால், குண்டு இல்லை.

எங்கள் வயதுப் பெண்களுக்கு மூன்று கிலோ குண்டு. இளம் பெண்களுக்கு நான்கு கிலோ. பெட்டியில் நான்கு கிலோ குண்டுதான் இருந்தது, எடை அதன்மேலேயே பொறித்திருந்தது. வீட்டிலிருக்கும் எங்கள் மூன்று கிலோ பட்டறைக் குண்டைப் போட்டியில் ஏற்கமாட்டார்கள். மூன்று கிலோ எங்கே என்று அண்ணி கேட்டாள்.

"யாரும் வர மாட்டாங்கன்னு நெனச்சோம்மா" என்றார் மைக்.

கேட்டீர்களா? பதாகையில் வாருங்கள் வாருங்கள் என்று எழுதியாயிற்று. பெயரையும் வாங்கியாயிற்று. ஆனால் வரமாட்டார்கள் என்று உறுதியாக நம்பியிருக்கிறார்கள். குண்டு வாங்க யாருக்கும் தோன்றவில்லை. தண்ணீர் பாட்டிலில் தன் படம் ஒட்டத் தோன்றியிருக்கிறது.

"இதையே எறிங்கம்மா. இல்லேன்னா விட்டுடுங்க, உங்க ரெண்டு பேருக்கும் சான்றிதழ் குடுத்துடறேன்" என்றார்.

நான் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்கத் தயாராகிவிட்டேன். அதற்குள் அண்ணி உறையை மாட்டிக்கொண்டு வட்டத்துக்குள் போய்விட்டாள். நான்கு கிலோவைத் தூக்கிப் பார்த்தாள். இரண்டு தரம் தலைக்கு மேல் சுழற்றினாள். பிறகு சுற்றினாள். அவள் சுற்றும்போது பாதம் தரையைத் தேய்க்கும் சத்தம் மட்டும் கேட்கும். குண்டு போனது. கோட்டுக்குள், நல்ல தூரத்தில், புல்லைப் பிய்த்துக்கொண்டு விழுந்தது. வெள்ளைக் கொடி. அதே மைதானத்தில் காலையில் நாற்பது வயதுக்காரிகள் இதே குண்டை எறிந்த இடத்தைத் தாண்டி விழுந்திருந்தது.

நானும் எறிந்தேன். என் குண்டு விழுந்த இடத்தை அளக்க நாடா தேவைப்படவில்லை, குனிந்தாலே போதும். ஆனால் வெள்ளைக் கொடி.

அளந்தார்கள். எழுதப்போன மனிதர் பேனாவை மூடினார். "இது இவங்க வயசுக்கான குண்டு இல்லையே. தூரம் செல்லாது" என்றார். மைக் சிரித்துக்கொண்டே வந்து, "தூரம் கெடக்குதும்மா, பதக்கம் குடுத்துடலாம்" என்று அண்ணியின் கழுத்தில் முதல் பரிசையும் என் கழுத்தில் இரண்டாம் பரிசையும் போட்டார். பதக்கம் உண்டு, தூரம் கிடையாது. கனமான குண்டைத் தூக்கி எறிந்தது குற்றம். காலடியில் குண்டைப் போட்டவளுக்கு வெள்ளிப் பதக்கம். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு அவமானப்பட்டதில்லை. கழற்றி அவர் கையிலேயே கொடுத்தேன். "உங்க மைக்குக்குப் போடுங்க, அழகா இருக்கும்" என்றேன்.

அண்ணி கழற்றவில்லை. அதைப் போட்டுக்கொண்டே பஸ்ஸில் வந்தாள், போட்டிருக்கிறோம் என்பதையே மறந்தவள் மாதிரி.

வீட்டில் அண்ணன் பதக்கத்தைப் பார்த்துவிட்டு, "அதான் கெடச்சிடுச்சே, இனிமே விட்டுடு. இந்த வயசுல எதுக்கு?" என்றான். அன்று அவனை நான் பேசியதை இங்கே எழுத முடியாது. நல்ல பேச்சு. இன்றுவரை அதற்காக நான் வருத்தப்படவில்லை. அண்ணி சாப்பிட்டு முடித்துத் தட்டை அலம்பி வைத்துவிட்டு வந்தாள்.

"நாலு கிலோ பொதுப் போட்டியில எறியறாங்க" என்றாள்.

"அது சின்னப் பொண்ணுங்க போட்டி" என்றான் அண்ணன்.

"சின்னப் பொண்ணுங்களுக்குன்னு எங்கயும் சொல்லல. விசாரிச்சேன். இத்தனை வயசுக்குக் கீழ இருக்கக்கூடாதுன்னுதான் விதி. மேல எவ்ளோன்னு ஒண்ணும் கிடையாது."

யாரும் அறுபத்தொரு வயதில் வந்து நிற்பார்கள் என்று நினைக்கவில்லை, அதனால் மேல்பக்கம் கதவு போட மறந்துவிட்டார்கள். அண்ணி அந்த வழியாக நுழைந்தாள். மூன்று கிலோவை ஓரமாக வைத்துவிட்டு, நான்கு கிலோவில் செய்த இன்னொரு குண்டை வாங்கி, மழைக்காலம் முழுக்க எறிந்தாள். நான் எடுத்துக்கொண்டு வந்து வந்து என் முதுகு விட்டுப்போயிற்று.

பொதுப் போட்டி அன்று அண்ணனும் கிளம்பினான். "பை தூக்க ஆள் வேணும்ல" என்றான். யாரும் அவனைக் கேட்கவில்லை.

மொத்தம் பதினொரு பேர். பத்துப் பேரும் அண்ணியின் பையனைவிடச் சின்னவர்கள். பாட்டுக் கேட்டுக்கொண்டும் கால்களை நீட்டிக்கொண்டும் இருந்தார்கள். ஒருத்தி அண்ணியைப் பார்த்து, "ஆன்ட்டி, உங்க பொண்ணு எத்தனாம் நம்பர்?" என்று கேட்டாள். "பதினேழு" என்று அண்ணி தன் முதுகைத் திருப்பிக் காட்டினாள். அந்தப் பெண் நீட்டியிருந்த காலை மடக்கிக்கொண்டாள்.

தலைமை நடுவர் ஒரு பெண்மணி. நாற்பத்தைந்து இருக்கும். முகத்தில் மருந்துக்குக்கூடச் சிரிப்பில்லை. எல்லோரையும் எண்ணைச் சொல்லியே கூப்பிட்டார். ஆளுக்கு மூன்று எறி. அதில் முதல் எட்டு இடத்துக்குள் வந்தவர்களுக்கு மேலும் மூன்று. ஒருவர் அவரிடம் போய், அண்ணியைக் காட்டி, ஏதோ கிசுகிசுத்துச் சிரித்தார். நடுவர், "பேரு குடுத்திருக்காங்க, எறியட்டும்" என்று அவரை அனுப்பிவிட்டார்.

"பதினேழு. உள்ள வாங்க."

முதல் எறி கோட்டுக்கு வெளியே விழுந்தது. சிவப்புக் கொடி.

இரண்டாவது நன்றாகப் போனது. கோட்டுக்குள் விழுந்தது. நான் எழுந்தே விட்டேன். சிவப்புக் கொடி. விட்ட வேகத்தில் அண்ணியின் கால் கட்டைவிரல் வட்டத்தின் விளிம்பைத் தொட்டுவிட்டதாம்.

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. ஒரு விரல் நுனி! நாற்பத்தைந்து வருஷம் காத்திருந்தவளுக்கு ஒரு விரல் நுனியை விட்டுக்கொடுத்தால் குடியா முழுகிப்போகும்? நான் வாயைத் திறப்பதற்குள் எனக்குப் பக்கத்திலிருந்து, "அதெல்லாம் தொடலம்மா! கண்ணு தெரியலையா?" என்று ஒரு கத்தல். அண்ணன். அவனுக்கு வட்டமும் தெரியாது, விளிம்பும் தெரியாது. கையில் பையைப் பிடித்துக்கொண்டு நெற்றி நரம்பு புடைக்கக் கத்தினான்.

அண்ணி எங்களைத் திரும்பிப் பார்த்தாள். கோபமாகப் பார்த்தாள், எங்களைத்தான். "தொட்டுச்சு" என்றாள். பிறகு நடுவரிடம், "எந்தப் பக்கம்?" என்று கேட்டாள்.

"இடது பக்கம். கட்டைவிரல்" என்றார் நடுவர்.

"சரி."

அவ்வளவுதான் இருவரும் பேசியது. 'பரவால்லம்மா' இல்லை, 'இந்த வயசுல' இல்லை. எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் கழுத்தில் பதக்கத்தைப் போட்டவர் அவளுடைய காலைப் பார்க்கவே இல்லை. சிவப்புக் கொடி காட்டிய இவர்தான் பார்த்திருக்கிறார்.

மூன்றாவது எறி. இதுவும் போனால் பெயருக்கு நேராக ஒன்றுமே இருக்காது. அண்ணி உறையின் பட்டையை இறுக்கிக்கொண்டாள். முதுகைக் காட்டி நின்றாள். சுழற்றினாள். சுற்றினாள். விட்டாள். விட்ட பிறகு அவள் உடம்பு முன்னால் போகத் துடித்தது. இடது காலை ஊன்றி, பல்லைக் கடித்து, வட்டத்துக்குள்ளேயே ஒற்றைக் காலில் ஆடி ஆடி நின்றாள். குண்டு எங்கே விழுந்தது என்று நான் பார்க்கவே இல்லை, அந்தக் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளைக் கொடி.

அளந்தார்கள். தூரத்தைச் சத்தமாகச் சொன்னார்கள். எழுதினார்கள். பேனாவை யாரும் மூடவில்லை. நான் அழுதேன், அதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை. அண்ணன் பைக்குள் எதையோ தேடுவதாகக் குனிந்துகொண்டான்.

அண்ணி ஒன்பதாம் இடம். எட்டாவதாக வந்த பெண்ணுக்கும் அவளுக்கும் ஒரு கையகலம்தான் வித்தியாசம். அடுத்த மூன்று எறி கிடைக்கவில்லை. ஆன்ட்டி என்று கூப்பிட்ட பெண் அவளுக்குக் கீழே பத்தாவதாக வந்திருந்தாள்.

பஸ்ஸில் நான் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தேன். உன் பேருக்கு நேரா தூரம் வந்துடுச்சு அண்ணி, வந்துடுச்சு என்று. அவள் ஜன்னல் பக்கம் திரும்பி உர்ரென்று உட்கார்ந்திருந்தாள்.

"என்ன அண்ணி, சந்தோஷமே இல்லையா?"

"ரெண்டாவதுல கால் தொடாம இருந்திருந்தா எட்டுக்குள்ள வந்திருப்பேன்" என்றாள். "முட்டியை இன்னும் மடக்கியிருக்கணும். சனியன்."

அவளை எனக்கு முப்பத்தைந்து வருஷமாகத் தெரியும். அவள் திட்டி நான் கேட்டது அன்றுதான். கர்ப்பப்பைக்காரர், மேற்பார்வையாளர், மைக் யாரையும் அவள் திட்டியதில்லை. தன் முட்டியைத் திட்டினாள்.

நாலைந்து நாள் கழித்து மைக் போன் பண்ணினார். செய்தி அவர் காதுக்குப் போய்விட்டது. அண்ணி கூட்டுக்கு அரைத்துக்கொண்டிருந்ததால் ஒலிபெருக்கியில் போட்டாள்.

"அம்மா! நம்ம சங்கத்துக்கே பெருமை சேத்துட்டீங்க! அடுத்த போட்டியில உங்களை மேடையில உக்கார வெச்சு கௌரவிக்கப் போறோம். எந்த வயசுலயும் சாதிக்கலாம்னு நீங்க ரெண்டு வார்த்தை பேசணும். மைக்கை உங்க கையிலயே குடுத்துடறேன்!"

"மூணு கிலோ குண்டு வாங்கிட்டீங்களா?" என்று கேட்டாள் அண்ணி.



"அது... அதுக்கடுத்த வருஷம் கண்டிப்பா பாக்கலாம்மா. நீங்க வந்து உக்காந்தாலே போதும், எறியக்கூட வேண்டாம்."

நான் போனைப் பிடுங்கக் கையை நீட்டினேன். அண்ணி என் கையைத் தட்டிவிட்டாள்.

"அன்னைக்கு வர முடியாதுங்க. அடுத்த பொதுப் போட்டியும் அதே வாரம்தான். அங்க எனக்கு ஒரு கையகலம் பாக்கி இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். பிறகு என்னைப் பார்த்து, "உறை கட்டைவிரல்கிட்ட விட்டிருக்கு. சாயங்காலத்துக்குள்ள தைச்சுடு" என்றாள்.